நிமிடத்துக்கு அறுபத்திரண்டு

பஸ் ஒன்றரைக்கு. இப்போது மணி பதினொன்று பத்து. இன்னும் இரண்டு மணி இருபது நிமிடம் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது, அப்புறம் பொள்ளாச்சி வரைக்கும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கலாம், வளைவுகளில் தலை முட்டினால் முட்டட்டும், ஐம்பத்தெட்டு வயதுத் தலைக்கு அதுவும் வேண்டியதுதான். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. கெஸ்ட் ஹவுஸ் மெத்தையில் ஈரம், போர்வையில் ஈரம், நேற்றுத் துவைத்துப் போட்ட பனியன் இன்னும் நசநசவென்று முதுகில் ஒட்டுகிறது. எதிரே திரை. திரையில் ஆறு கோடுகள், ஆறும் பச்சை. ஒவ்வொரு கோடும் ஒரு யானை. இந்த நெடும்பாறை எஸ்டேட்டைச் சுற்றியுள்ள காட்டில் கழுத்துப்பட்டை மாட்டிய யானைகள் ஆறு, பட்டைக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர், அது நாள் முழுக்க டிக் டிக் என்று சொல்லிக்கொண்டிருக்கும், நான் செய்து கொடுத்த ரேடியோ அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். டிக் பலத்துவிட்டால் யானை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். கோடு சிவக்கும், வெளியே கோபுரத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும், கீழே தேயிலை பறிக்கிற பெண்கள் கூடையோடு மேலே ரோட்டுக்கு ஏறி வந்துவிட வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு. நேற்று மதியம் வரைக்கும் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பேய் இருந்தது. அதை நான் ஓட்டிவிட்டேன். அதற்காகச் சாயங்காலம் பெண்களெல்லாம் சேர்ந்து கோபுரத்தடியில் தேங்காய் உடைத்தார்கள். ஒரு மூடி இதோ மேஜைமேல் இருக்கிறது, எஸ்தர் அதைக் கீறிக் கீறி எனக்கு ஒரு பத்தை, தனக்கு ஒரு பத்தை என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். எஸ்தர் முன்பு இலை பறித்தவள், முழங்கால் போன பிறகு அவளை இந்த அறையில் திரை பார்க்க உட்கார வைத்திருக்கிறார்கள். தேங்காய் இனிக்கத்தான் செய்கிறது, மெல்லத்தான் தாடை வலிக்கிறது. வேலை முடிந்தது என்று மேனேஜர் கையெழுத்துப் போட்ட காகிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது. இனி எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாவிட்டாலும் மண்டை சும்மா இருப்பதில்லை.

பேய் என்று பெயர் வைத்தது கங்காணி ராக்கப்பன். மூன்றாம் எண் யானை அணைக்கு அந்தப் பக்கம் நின்று புல் மேய்ந்துகொண்டிருக்கும், வனத்துறை வாட்சர் அதைப் போட்டோவே எடுத்து அனுப்பியிருப்பார், அதே நேரம் இங்கே மூன்றாம் கோடு சிவந்து விளக்கு எரியும். ஒரே யானை இரண்டு இடத்தில் நிற்க முடியாது, அதனால் இங்கே நிற்பது பேய். இரண்டு மாதத்தில் பதின்மூன்று தடவை பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவந்தார்கள், பதின்மூன்று தடவையும் யானை வரவில்லை. பதினாலாவது தடவைக்கு ஒருத்தியும் அசைய மாட்டாள், நானும் அந்த விளக்கைக் கழற்றிக் கடாசிவிடுவேன் என்று மேனேஜர் போனில் சொன்ன பிறகுதான் எங்கள் கம்பெனி என்னை மலையேற்றியது. காரணம் கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை, ஏனென்றால் காரணம் நான்தான். ஆன்டெனா ஒரு நொடிக்குப் பத்து லட்சம் எண்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. இங்கே இருக்கிற கையகலக் கம்ப்யூட்டரால் அவ்வளவையும் மெல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு யானைக்கும் இருநூற்றைம்பது எண்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுவோம். எறிவதற்கு முன்னால் நன்றாக வடிகட்ட வேண்டும், இது பாலபாடம், நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வடிகட்டாமல் எறிந்தால் எறிந்தது போய்விடுவதில்லை. புடவையை மடித்து வைக்கும்போது முந்தானையில் இருக்கிற மஞ்சள் கறை நடு மடிப்பில் போய் ஒட்டிக்கொள்கிறதே, அந்த மாதிரி வேறு எங்கோ ஒரு அலைவரிசையில் இருப்பது மடிந்து வந்து நம்முடையதன் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துவிட்டால் வந்தது எது, ஏற்கெனவே இருந்தது எது என்று பிரிக்க ஆண்டவனாலும் முடியாது. மூன்று வருஷத்துக்கு முன் இதை மாட்டியபோது கம்ப்யூட்டர் தோசைக்கல்லாகச் சுட்டது, நான் வடிகட்டியைக் கொஞ்சம் குட்டையாக்கிப் போதும் இது என்று விட்டுவிட்டுப் போனேன். ஓட்டைச் சல்லடை. நேற்றுக் கம்ப்யூட்டருக்கு ஒரு விசிறியை மாட்டினேன், வடிகட்டியை நாலு மடங்கு நீளமாக்கினேன், மூன்றாம் கோடு பளிச்சென்று பச்சையானது. எது மடிந்து வந்து உட்கார்ந்திருந்தது என்று நான் பார்க்கவில்லை. டாக்ஸி வயர்லெஸ்ஸோ, டீ பாக்டரி மோட்டாரோ, ஏதோ ஒன்று. எதுவாக இருந்தால் என்ன, போய்விட்டது.

மஞ்சள் கறை என்று சொல்லியிருக்கக் கூடாது. கோமதியின் வெங்காயக் கலர் புடவையில் அப்படி ஒரு கறை உண்டு, அந்தப் புடவை இன்னும் பீரோவில் இருக்கிறது, அவள் தங்கை வந்து எல்லாப் புடவையையும் எடுத்துக்கொண்டு போனபோது அதை மட்டும் கறை இருக்கிறதென்று விட்டுவிட்டுப் போனாள். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. போன வருஷம் தையில் ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வந்தவள் பையை வாசலில் போட்டுவிட்டு, "இந்தப் படிய ஒரு கொத்தனாரா கட்டியிருப்பான்? ஒண்ணுக்கொண்ணு அளவே சரியில்ல" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் சொன்னாள். அதற்கடுத்த வாரமும். மூன்றாம் தடவை நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் முப்பத்திநாலு படிகளையும் அளந்தேன். ஏழு அங்குலம், ஏழு அங்குலம், ஏழேகால், ஏழு. ஒரு காகிதத்தில் எழுதி அவளிடம் காட்டினேன். எல்லாம் கரெக்டாகத்தான் இருக்கிறது, உனக்குத்தான் சோம்பேறித்தனம் என்றேன். அவள் காகிதத்தைப் பார்த்தாள். "சரி, கணக்கு சரியாத்தான இருக்கும், நீங்க பண்ணது" என்றாள், அதற்குப் பிறகு படியைப் பற்றிப் பேசவில்லை. வாளி கனக்கிறது என்றாள், சின்ன வாளி வாங்கினேன். மோட்டார் சுவிட்சு ரொம்பத் தூரத்தில் இருக்கிறது என்றாள், ஆளை வைத்துச் சமையலறைக்கு மாற்றினேன். பக்கத்து வீட்டில் புகையிலை போடுகிறார்கள், வாசனையில் மூச்சு முட்டுகிறது என்றாள், ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டேன். அவள் சொன்ன ஒவ்வொரு குறையையும் நான் தீர்த்தேன், ஒன்று பாக்கி வைக்கவில்லை, தெருவில் இப்படி ஒரு புருஷன் உண்டா என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். ஒரு வியாழக்கிழமை காலையில் பால் பாக்கெட்டோடு ஏறி வந்தவள் பதினொன்றாவது படியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர், எத்தனை நாளா மூச்சு வாங்குது இவங்களுக்கு என்று கேட்டார். அப்படியெல்லாம் எதுவும் அவள் சொன்னதே இல்லை டாக்டர் என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் படுத்திருந்தவள் கேட்டுக்கொண்டிருந்தாளா தெரியாது.

"சார், பேய் போனதுலருந்து ரூமே வெறிச்சுனு இருக்கு சார்." எஸ்தர். பேய்க்குத் துக்கம் விசாரிக்கிற ஒரே ஜீவன். நான் ம் என்கிறேன். பதினொன்று நாற்பது. கீழே பதினோராம் நம்பர் தேயிலைக் காட்டில் பறிக்கிறார்கள், ஜன்னல் வழியே தலைக்கட்டுகள் தெரிகின்றன, பச்சைக்குள் சிவப்பும் மஞ்சளுமாக, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், சரிவின் அடியில் சதுப்பு, சதுப்புக்கு அந்தப் பக்கம் இருட்டுச் சோலைக்காடு. "நடை வித்தியாசமா இருக்கும் சார் அதுக்கு" என்கிறாள் எஸ்தர். எதற்கு என்றேன். "பேய்க்குத்தான். மூணு நெதானமா நடக்கும். டிக், டிக்குனு. இது கொஞ்சம் அவசரம். நோட்டுல எழுதி வச்சிருக்கேன்." நோட்டை நீட்டுகிறாள். இருநூறு பக்க நோட்டு, அட்டையில் திராட்சைக் குலையும் ஏசுவும், உள்ளே நாளும் நேரமும் வரிசையாக, பெரிய பெரிய எழுத்தில். வேறு வேலை இல்லை இவளுக்கு. வாங்காவிட்டால் மனசு சங்கடப்படும் என்று வாங்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் மூன்று சிவந்தபோது இவள் ஸ்பீக்கரைத் திருகிச் சத்தத்தை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறாள். அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு. பதின்மூன்று தடவையும். எதுக்கும்மா எண்ணினீங்க என்கிறேன். "சும்மா உக்காந்திருக்கைல வேற என்ன சார் பண்றது. பாப்பாவுக்குக் காய்ச்சல்னா கையப் புடிச்சு எண்ணுவமில்ல, அதாட்டம் எண்ணுவேன். மூணுக்கு எப்பவும் அம்பத்தஞ்சுதான். நேத்து உங்ககிட்ட சொல்ல வந்தேன், நீங்க அந்த விசிறிய மாட்டிக்கிட்டிருந்தீங்க." சொல்ல வந்தாள்தான். சார் ஒரு விசயம் என்றாள். அப்புறம்மா, அப்புறம் என்று கையைக் காட்டினேன், வாயில் ஸ்க்ரூ இருந்தது.

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தேங்காய்ப் பத்தையை வாயில் போட்டுக்கொண்டேன், கண்ணை மூடினேன். அறுபத்திரண்டு. என்ன அறுபத்திரண்டு. பொள்ளாச்சியில் இறங்கியதும் ஒரு டீ குடிக்க வேண்டும். வீட்டில் பால் இல்லை, வரும்போதே பாக்கெட் வாங்கிக்கொண்டு ஏற வேண்டும், ஏழு அங்குலம், ஏழு அங்குலம். டாக்ஸி வயர்லெஸ் டிக் டிக் என்று சொல்லாது. அதில் மனுஷன் பேசுவான். பாக்டரி மோட்டார் கொர்ரென்று இரையும், அதுவும் டிக் டிக் என்று சொல்லாது. இதை நேற்றே யோசித்திருக்கலாமே அருணகிரி, முப்பது வருஷமாக ரேடியோவோடு குடித்தனம் பண்ணுகிறவன் நீ. யோசிக்கவில்லை. மடிந்து வந்தது எதுவோ, போனால் போதும் என்று இருந்தது. நிமிடத்துக்கு அறுபத்திரண்டு, பிசகாமல், பதின்மூன்று தடவை. கடிகாரம் வைத்த மாதிரி டிக் அடித்துக்கொண்டு இந்த மலையில் என்ன இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கோமதியின் தலைமாட்டில் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது, அது நூற்றுப்பத்து, நூற்றிருபது, அறுபத்திரண்டு வந்ததே இல்லை, வந்தபோது அதோடு நிற்கவும் இல்லை, அதை நினைக்க வேண்டாம். அறுபத்திரண்டை நான் எழுதியிருக்கிறேன். என் கையால், மார்க்கர் பேனாவால், எங்கோ. எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. எழுந்து அறை மூலையில் இருக்கிற பீரோவின் கதவைத் திறக்கிறேன். கதவின் உட்பக்கம் மூன்று வருஷத்துக்கு முன் நான் ஒட்டிய தாள், பசை காய்ந்து ஒரு மூலை தொங்குகிறது. எண், அலைவரிசை, நிமிடத்துக்கு எத்தனை டிக். ஒன்று, ஐம்பது. இரண்டு, ஐம்பத்திரண்டு. மூன்று, ஐம்பத்தைந்து. அடியில் ஏழு. ஏழின்மேல் குறுக்கே சிவப்புக் கோடு, கோட்டின்மேல் என் எழுத்து, பேட்டரி தீர்ந்தது, நீக்கப்பட்டது, தேதி, கையெழுத்து. கோட்டுக்கு அடியில் தெளிவாகப் படிக்க முடிகிறது. அறுபத்திரண்டு.

ஏழு. பதினாலு மாதத்துக்கு முன் அதன் சத்தம் நின்றுபோனது. நாலு மாதம் காத்திருந்தார்கள், பேட்டரி போய்விட்டது, இனி அது பேசாது என்றேன், சின்னக் கம்ப்யூட்டருக்குச் சுமை குறையட்டும் என்று அதைக் கேட்கிற வேலையை நிறுத்திவிட்டேன், ஏழு கோடு ஆறு கோடானது. யானைக்கு மாநில எல்லை தெரியாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஒரு வருஷம் தின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை. வேண்டாம், அவசரப்படாதே, கணக்குப் போடு. மூன்றின் அலைவரிசைக்கும் ஏழுக்கும் வித்தியாசம் அறுபது கிலோஹெர்ட்ஸ். பத்து லட்சத்தை இருநூற்றைம்பதால் வகுத்தால் நாலாயிரம், அப்படியென்றால் ஒரு மடிப்பு நாலு கிலோஹெர்ட்ஸ். அறுபதை நாலால் வகுத்தால் பதினைந்து. மீதி இல்லை. பதினைந்தாவது மடிப்பில் ஏழு நேராக மூன்றின் மேல் வந்து விழும். இதற்குக் காகிதம்கூட வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடும் கணக்கு. ஓட்டைச் சல்லடை வழியாக வந்தது பேய் இல்லை. பக்கத்தில் வந்து நின்றால்தான் அந்த ஓட்டையில் அவ்வளவு சத்தம் நுழைய முடியும். பதின்மூன்று தடவையும் ஒரு யானை கீழே சோலையில் வந்து நின்றிருக்கிறது, மூன்று என்ற பெயரில். பெயர் தப்பு, யானை தப்பில்லை. மூன்று அணைக்கட்டில் நிற்கிற போட்டோவைக் காட்டிக் காட்டி எல்லோரும் எஸ்தரைப் பார்த்துச் சிரித்தார்கள். நேற்று நான் வந்து அந்த ஓட்டையையும் அடைத்தேன். ஒரு ஆளைக் கொன்றது ஏழுதான். மூன்று வருஷத்துக்கு முன், ரேஷன் கடைக்குப் பக்கத்தில், அதனால்தான் இந்த ஏற்பாடே வந்தது.

பன்னிரண்டு ஐந்து. எனக்கு வியர்க்கிறது, இந்தக் குளிரில். ஏழாம் எண்ணைத் திரும்பத் திறக்க ஒரு வரி தட்டினால் போதும். தட்டவில்லை. தட்டினால் ஒன்று, அங்கே ஒன்றும் இருக்காது, அப்போது நான் ஒரு கிழட்டுப் பயந்தாங்கொள்ளி, சந்தோஷமாகப் பஸ் ஏறலாம். இருந்தால். இருந்தால் சட்டைப் பையில் இருக்கிற காகிதம் பொய், தேங்காய் பொய், மூன்று வருஷமாக இந்தப் பெண்கள் அண்ணாந்து பார்த்த விளக்கில் பாதி பொய், எல்லாம் என் பெயரில். திறக்காமல் இருந்தால் தெரியாது. தெரியாத வரைக்கும் யாரும் என்னைக் கேட்க முடியாது. அவள் சொன்னதே இல்லை டாக்டர். எவ்வளவு வசதியான வாக்கியம் அது. இன்றைக்கு இல்லாமல் இருக்கலாம், பதின்மூன்று தடவை என்பது அறுபது நாளில்தானே, நாலு அல்லது ஐந்து நாளைக்கு ஒரு தடவை, இன்றைக்கு இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், கோயம்புத்தூர் போய் ஆபீசிலிருந்து லைன் போட்டுச் சத்தமில்லாமல் ஏழைத் திறந்துவிடலாம், மென்பொருள் மேம்பாடு என்று ஒரு மெயில் அனுப்பலாம், யாருக்கும் புரியாது. எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஒரு மனிதன் வாழ்க்கையில் ஒரு தடவை கேட்காமல் இருந்துவிட்டால் போதாதா, இன்னொரு தடவையும் அவனிடம் வந்துதான் நிற்க வேண்டுமா. எஸ்தர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்ன சார், மேலுக்கு முடியலையா? சுடுதண்ணி வைக்கட்டுமா?" வேண்டாம்மா. கை விசைப்பலகைமேல் இருக்கிறது. யாருடைய தைரியத்தில் தட்டினேன் என்று தெரியவில்லை, தட்டிவிட்டேன். ஏழாவது கோடு திரையின் அடியில் வந்தது. வந்ததே சிவப்பாக. ஸ்பீக்கரிலிருந்து டிக் டிக் என்று அறையே அதிர்கிறது, எஸ்தர் கையிலிருந்த கத்தி கீழே விழுகிறது. நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டிய அவசியமே இல்லை. அவள் உதடு அசைகிறது, எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

"அதே நடை" என்றாள். "அதே நடைதான் சார். பேய் திரும்ப வந்துருச்சா?" பேய் இல்லம்மா, ஏழு. "ஏழு செத்துப்போச்சுன்னீங்களே." சாகல. லைட் போடுங்க, ராக்கப்பனுக்குப் போன் போடுங்க. ஏழை இன்னும் விளக்கோடு இணைக்கவில்லை, விளக்கைக் கையால் போடுகிற சுவிட்சு அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, போட்டாள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். தலைக்கட்டுகள் அசையவில்லை. ஒருத்தி அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். போனில் ராக்கப்பன் சத்தம் எனக்கும் கேட்கிறது, "ஏம்மா எஸ்தரு, நேத்துதான தேங்கா ஒடச்சோம்? பேய ஓட்டியாச்சுனு சாரே சொன்னாரு. தப்பா சுவிட்சத் தட்டிட்டியா? அணச்சு வையி, பொம்பளைங்க காறித் துப்புவாளுக." எஸ்தர் என்னைப் பார்க்கிறாள். இவள் சொல்லி யார் கேட்பார்கள், இரண்டு மாதமாகக் கேட்காதவர்கள். போனை வாங்கிக்கொண்டேன். ராக்கப்பன், நான் அருணகிரி பேசறேன். "சொல்லுங்க சார், பஸ்ஸுக்கு டயமாகலையா?" மூன்றாம் எண், அலைவரிசை, மடிப்பு, எங்கிருந்து ஆரம்பிப்பது, ஆரம்பித்து முடிப்பதற்குள் அது சதுப்பைத் தாண்டிவிடும். தப்பு என்னோடது ராக்கப்பன் என்கிறேன். நேத்து நான் ஓட்டுனது பேய் இல்ல, யானை. ஏழாம் நம்பர். ரெண்டு மாசமா இங்கதான் வந்துட்டுப் போகுது. இந்தப் பொம்பளை சொன்னதெல்லாம் நெஜம், நாந்தான் அதக் கேக்கவிடாம அடச்சு வச்சுட்டேன். இப்ப சோலை ஓரத்துல நிக்குது, அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. எல்லாரையும் ஏத்துங்க. திட்டுவான் என்று காத்திருந்தேன். "ஏழா" என்றான் ராக்கப்பன், வேறு குரலில். "அது எங்க மாமன அடிச்சது சார்." அப்புறம் விசில் சத்தம் கேட்டது, போனிலும் ஜன்னலிலும் ஒரே சமயத்தில், நீளமாக, விடாமல்.

இருபத்திநாலு பேர் என்றாள் எஸ்தர், பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு எண்ணுகிறாள். நான் வெளியே வந்து ரோட்டோரம் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கீழிருந்து ரோட்டுக்கு மண்ணில் வெட்டிய படிகள், ஓரத்துக்குக் கல் பதித்தது, ஐம்பதோ அறுபதோ இருக்கும். முனகிக்கொண்டு ஏறி வருகிறார்கள். "இன்னிக்கு என்ன, பேயோட தம்பியாக்கும்" என்று ஒருத்தி, "சார் பஸ்ஸேறதுக்குள்ள ஒரு தரம் எரிச்சுப் பாக்கறாரு" என்று இன்னொருத்தி, ஏறிய பெண்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், ஒன்பது, பத்து, பதினாலு. பதினெட்டாவது ஆள் ஏறும்போது சதுப்பு ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் ஆடியது. காற்று இல்லை. மரம் மெதுவாகச் சாய்ந்தது, முறிகிற சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது, அதற்குப் பின்னால் தேயிலைக்குமேல் கறுப்பாக முதுகு, கழுத்தில் பட்டை, வெயிலில் பட்டையின் பெட்டி ஒரு தடவை மின்னியது. சிரிப்பு நின்றுபோனது. ராக்கப்பன் கடைசி ஆளைத் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக ஏற்றிக்கொண்டு வந்தான், இருபத்திமூணு, இருபத்திநாலு என்று எஸ்தர் மேலே அறையிலிருந்து சொன்னது எனக்குக் கேட்டது. ஏழு, காலையில் இவர்கள் பறித்துக்கொண்டிருந்த வரிசை வழியாகவே நிதானமாக நடந்து போகிறது. நான் ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது, யாரிடம் என்று தெரியவில்லை. கோமதியிடம் சொல்ல வேண்டியதை ஒரு கங்காணியிடம் சொல்லிவிட்டேன், அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை, சரி என்று விசிலை எடுத்துவிட்டான். அவளும் திட்டியிருக்க மாட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

கடைசியாக வந்தவள் மேலே ரோட்டுக்கு வரவில்லை, நாலு படி கீழேயே உட்கார்ந்துவிட்டாள். பேச்சி என்று கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயது இருக்கும், கூடையைக்கூடத் தலையிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. "எவன் வெட்டுன படியோ" என்கிறாள், யாரிடம் என்றில்லாமல். "ஒண்ணொண்ணும் ஆள் ஒசரம். போன வருசமெல்லாம் இப்படியா இருந்துச்சு." மேலே நிற்கிற ஒருத்தி, "ஆமாக்கா, மழைக்குப் படி வளந்துருச்சு" என்கிறாள், பயத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் சிரித்துக்கொள்கிறார்கள். கீழ் வளைவில் பஸ் ஹார்ன் கேட்கிறது, இன்று சீக்கிரமே மேலே வந்துவிட்டது போலிருக்கிறது. என் பை அறைக்குள் இருக்கிறது. நான் நாலு படி இறங்கி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். படி ஒன்றும் உயரமில்லை, உட்காரும்போதே தெரிகிறது, ஆறு அங்குலம்தான் இருக்கும். கூடையைப் பிடித்து இறக்கி வைத்தேன். மூச்சு வாங்குதாம்மா என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், இந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்கிற மாதிரி. தலையை ஆட்டினாள். எத்தனை நாளா என்றேன்.

"சித்திரைலருந்து சார்" என்றாள், மேலே நிற்பவர்களுக்குக் கேட்காதபடி.